செத்த புல்தரையை மீட்க: காசு மண்ணுக்கு, புல் வரப்பிலிருந்து

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற பக்கம் வீடு கட்டுகிற எல்லோருக்கும் ஓர் ஆசை வந்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், புனலூரிலோ கொட்டாரக்கரையிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போவார்கள். முற்றத்தில் பச்சைக் கம்பளம் விரித்தமாதிரி புல். அவர்கள் அதைப் 'புல்தகிடி' என்பார்கள். திரும்பி வருகிற வழியிலேயே, ஆரியங்காவு தாண்டுவதற்குள், நம் வீட்டு முன்வாசலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முடிவாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 400 சதுர அடிக்கு நர்சரியில் அட்டை அட்டையாகப் புல் வாங்கி ஒட்டினோம். முதல் வருடம் வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். இரண்டாம் வருடம் பங்குனியில் அது வைக்கோல் நிறத்துக்கு வந்தது. சித்திரையில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் பழைய சாக்கு மாதிரி கையோடு வந்தது.

மறுபடி புல் வாங்கப் போனவனைத் தடுத்தவர் பக்கத்து வயல்காரப் பெரியவர். "புல்லுக்கா காசு குடுக்கப் போற? நாங்க களைன்னு புடுங்கி வரப்புல போடுதோம், அள்ளிட்டுப் போடே" என்றார். அதிலிருந்து தொடங்கியதுதான் கீழே வருவது எல்லாம். புல் இலவசமாகக் கிடைக்கும். கையில் இருக்கிற கொஞ்சக் காசு மண்ணுக்குப் போகட்டும். மண்ணைக் கவனிக்காமல் வாங்கி ஒட்டினால், முதல் புல் எதனால் செத்ததோ அதனாலேயே இரண்டாவதும் சாகும்.

முதலில், உண்மையிலேயே செத்துவிட்டதா?

பழுத்த புல் எல்லாம் செத்த புல் இல்லை. வெயிலில் தண்ணீர் கிடைக்காவிட்டால் புல் மேலே இலையைக் காயவிட்டு, அடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கிடக்கும். முதல் மழையில் எழுந்துவிடும். அதனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

தரையோடு ஓடுகிற கொடித்தண்டு ஒன்றைக் கிள்ளி எடுத்து, கணுவுக்குப் பக்கத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையோ ஈரமான வெள்ளையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. உள்ளேயும் பழுப்பாக, துடைப்பக்குச்சி மாதிரி முறிந்தால் அந்தத் தண்டு போய்விட்டது. ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டாமல் பத்து இடத்தில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வேறு வேறு மூலைகளிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டி, பழைய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, தினமும் நனைத்து, இரண்டு வாரம் காத்திருங்கள். துளிர் வந்தால் உங்களுக்கு வேண்டியது தண்ணீரும் கொஞ்சம் எருவும்தான். இதற்கு மேல் பாதி வேலை உங்களுக்குத் தேவையில்லை, தண்ணீர் பற்றிய பகுதிக்கு நேராகப் போகலாம்.

எங்களுக்கு மூன்று டப்பாவிலும் ஒன்றுமே வரவில்லை.

ஏன் செத்தது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்டாமல் இருந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை, கடப்பாரை உள்ளே இறங்கவில்லை. நான்கு விரற்கடை போனதும் 'ணங்' என்று நின்றது. தோண்டினால் பூச்சுவேலைக் கலவைக் கட்டி, டைல்ஸ் துண்டு, கட்டுக்கம்பி, செங்கல் ஜல்லி. வீடு கட்டி மிஞ்சிய குப்பையைச் சமப்படுத்தி, மேலே இரண்டு அங்குலம் செம்மண் தூவி, அதன்மேல் புல்லை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் வேலை எடுத்தவர். வேர் எங்கே போகும்? இரண்டு அங்குல மண் பங்குனி வெயிலில் தோசைக்கல்லாகத்தான் இருக்கும். போதாததற்குச் சிமெண்டுக் கலவை மண்ணின் காரத்தன்மையையும் ஏற்றிவிடும்.

உங்கள் வீட்டில் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. ஆனால் புதுவீடு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை ஈரமான மண்ணில் அழுத்திப் பாருங்கள். கைப்பிடிவரை சிரமம் இல்லாமல் இறங்கினால் மண் நல்ல மண். பாதியில் நின்றால் இறுகியிருக்கிறது, அல்லது அடியில் ஏதோ இருக்கிறது. அப்புறம் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் சரி. மறுநாள் காலையிலும் குளமாக நின்றால் அடியில் தண்ணீர் இறங்க வழியில்லை, ஐப்பசி மழையில் வேர் அழுகும்.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர்மேல். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன்: குடிதண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியே வருகிற கழிவுத்தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு குழாய் போட்டுப் புல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தேன். வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. குழாய் விழுந்த மூலைதான் முதலில் கருகியது. வாஷிங் மெஷின் தண்ணீரும் அப்படித்தான். சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அந்தத் தண்ணீரைத் தென்னைக்குக் கூட அளவாகத்தான் விடவேண்டும், புல்லுக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, வேர்ப்புழு. ஓரடிக்கு ஓரடி சதுரமாகப் புல்லை வெட்டிப் புரட்டிப் பாருங்கள். 'C' எழுத்து மாதிரி சுருண்ட, பழுப்புத்தலை வெள்ளைப்புழு ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். ஐந்தாறு இருந்தால் அதுதான் குற்றவாளி. கறையானைப் பார்த்ததும் பயந்து மருந்து வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது செத்ததைத் தின்ன வந்த கூட்டம், கொன்ற கூட்டம் இல்லை.

நிழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமரத்தடியில் புல் போனால் அது மரத்தின் முடிவு. நீங்கள் எத்தனை முறை நட்டாலும் மரம்தான் ஜெயிக்கும்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

மலைக்கு அந்தப் பக்கம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் நமக்கு வருவது அதன் சாரல். அதே புல் அங்கே பிழைத்து இங்கே சாவதற்கு இதுவும் ஒரு காரணம், யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத காரணம். ஆனால் அந்தச் சாரல்தான் நமக்கு நடவுக்காலம். வெயில் சூடு தணிந்திருக்கும், வானம் மூடி மூடித் திறக்கும், நட்ட தண்டு வாடாமல் வேர்விடும்.

அதனால் என் கணக்கு இப்படி. சித்திரையில் பரிசோதனையும் சுத்தம் செய்வதும். வைகாசியில் மண்வேலை. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று ஊருக்குள் பேச்சு வந்ததும் நடவு, அதாவது வைகாசி கடைசி அல்லது ஆனி முதல் வாரம். ஐப்பசி அடைமழை வருவதற்குள் தரை மூடியிருக்கவேண்டும். மூடாத மண்ணில் அந்த மழை விழுந்தால் எருவும் மண்ணும் நடவும் ஒன்றாகத் தெருவுக்குப் போய்விடும். ஆனியைத் தவறவிட்டவர்கள் ஆவணியில் நடலாம், ஆனால் கீழே சொல்லப்போகிற அரை அடி இடைவெளியை இன்னும் குறைத்து நெருக்கமாக நடவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நடாதீர்கள்.

சுத்தம் செய்வது

செத்த புல்லை மண்வெட்டியால் சீவி எடுத்து ஒரு மூலையில் குவியுங்கள். எறியவேண்டாம், சாணித் தண்ணீர் தெளித்து வைத்தால் மக்கும்.

குப்பை மண் என்றால் அதை எடுக்காமல் வழியில்லை. அரை அடி ஆழத்துக்காவது கொத்தி, கல்லையும் கலவைக் கட்டியையும் பொறுக்குங்கள். எங்கள் 400 சதுர அடியில் இதற்கு இரண்டு ஆள் இரண்டு நாள். மொத்தச் செலவில் பெரிய தொகை இந்தக் கூலிதான். வீட்டில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தால் அதுவும் மிச்சம். கொத்தும்போது பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வேர்ப்புழுவுக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை. கோழி புரட்டிய மண்ணைப் பார்த்தபோது, நான் எண்ணியது ஐந்து என்றால் உள்ளே இருந்தது ஐம்பது என்று தெரிந்தது.

கோரைதான் பெரிய தொல்லை. மேலே பார்த்தால் புல் மாதிரியே இருக்கும், தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டையாகத் தெரியும். அதை இழுத்தால் இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளே நின்றுவிடும். கொத்தினால் கிழங்குச் சங்கிலி அறுந்து ஒன்று பத்தாகும். தண்ணீர் விட்டு மண்ணை நெகிழவைத்து, களைக்கொத்தியை ஆழமாக இறக்கி, கறுத்த கிழங்கோடு எடுக்கவேண்டும். ஒரு தடவையில் தீராது. வாரம் ஒரு தடவை, முளைத்ததை முளைத்ததை எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு ஓய்ந்துபோகும். பொறுமை இல்லாதவர்கள் களைக்கொல்லி என்பார்கள். குழந்தையும் நாயும் புரளப்போகிற இடத்தில் நான் அடிக்கமாட்டேன்.

சித்திரை வெயிலை வீணாக்காமல் இன்னொரு வேலை வாங்கலாம். கொத்திச் சமப்படுத்திய மண்ணை நன்றாக நனைத்து, மேலே கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறுகிற சூட்டில் மேல்மண்ணில் இருக்கிற களைவிதை பெரும்பாலும் அவிந்துவிடும். கறுப்புத் தாள் போட்டால் இந்த அளவு சூடு மண்ணுக்குள் போகாது. ஆழத்தில் இருக்கிற கோரைக் கிழங்கு இதற்கும் அசையாது, அதற்குக் கைதான்.

மண்ணுக்குச் செலவழிப்பது

மண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'V' போல வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாகச் சுரண்டி மண் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ போதும். எங்கே கொடுப்பது என்று உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். கட்டணம் சொற்பம். களர்த்தன்மை (மண்ணில் சோடியம் மிகுந்திருப்பது) இருக்கிறது என்று முடிவு வந்தால் மட்டும் ஜிப்சம் போடுங்கள், அளவையும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பு தூவவேண்டாம். சிமெண்டு கலந்த மண்ணில் ஏற்கெனவே அதுதான் அதிகம்.

அடுத்தது எரு. 100 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு எரு பரப்ப ஏறக்குறைய 93 லிட்டர் வேண்டும். சிமெண்டுச் சாக்கில் அளந்தால் மூன்று சாக்குக்குச் சற்றுக் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டு சென்டிமீட்டர் போடுங்கள், ஆறு சாக்கு. மேலே தூவி விட்டுவிடாமல் அரை அடி மண்ணோடு கலந்து கொத்திவிடவேண்டும். குப்பை எடுத்த இடத்தில் மண் குறைந்தால், குளத்து வண்டலோ வயல்மண்ணோ கிடைக்கிறதா என்று பாருங்கள். எம்-சாண்ட் சலித்து மிஞ்சிய தூளைக் கொட்டிச் சமப்படுத்தலாம் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அது நனைந்து காய்ந்தால் தளம் போட்டமாதிரி இறுகிவிடும்.

எருவில் நான் ஏமாந்த கதை உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு தொழுவத்திலிருந்து மக்காத சாணிக்குப்பை ஒரு லோடு இறக்கினேன். பூந்தொட்டிகளுக்கு முதலில் போட்டுப் பார்த்ததால் தப்பித்தேன். பதினைந்து நாளில் தொட்டி முழுக்கக் கோரையும் குப்பைமேனியும். எருவைக் கையில் அள்ளிப் பிசைந்தால் வாடை அடிக்கக்கூடாது, சூடு இருக்கக்கூடாது, காப்பித்தூள் மாதிரி உதிரவேண்டும். அப்படி இல்லை என்றால் மூன்று நான்கு மாதம் குவித்து, நனைத்து, கிளறிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். ஆட்டுப் புழுக்கையும் நல்லதுதான், மட்கியதாக இருந்தால். தென்னந்தோப்பு ஊரில் நார்க்கழிவுக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் அதைப் பச்சையாகப் போட்டால் மண்ணில் உள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். மக்கவைத்தது கிடைத்தால் மட்டும், மொத்த எருவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். வேர்ப்புழு இருந்த இடத்தில் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் தூவிக் கொத்துங்கள்.

கடைசியாகச் சமப்படுத்தும்போது வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக லேசான சரிவு இருக்கட்டும். நேரான பலகை ஒன்றை மண்மேல் இழுத்தாலே மேடு பள்ளம் தெரிந்துவிடும். பிறகு நன்றாக நனைத்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள். மண் தானாக இறங்கும், தப்பிப்பிழைத்த களை முளைக்கும், அதையும் பிடுங்கிவிட்டு மறுபடி பலகை இழுங்கள்.

புல் எங்கே? காலடியில்

"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோம். அந்த அருகுதான். வெளிநாட்டு மைதானங்களில் பெர்முடா கிராஸ் என்று பெயர் சொல்லி வளர்ப்பதும் நம் பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லும் ஒரே இனம். வெயில் தாங்கும், மிதி தாங்கும், காய்ந்து படுத்தாலும் அடித்தண்டில் உயிரை வைத்திருக்கும்.

ஆனால் எல்லா அருகும் புல்தரைக்கு ஆகாது. வயலுக்குள் எருவும் தண்ணீரும் குடித்து வளர்ந்தது முழங்கால் உயரம் எழும்பும், கணுவுக்குக் கணு தூரமாக இருக்கும். அதை நட்டால் தரை மூடவே மூடாது. பெரியவர் என்னை வயலுக்குள் விடாமல் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆடு மேய்ந்து மேய்ந்து, ஆள் நடந்து நடந்து, தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது ஒரு திட்டு. இலை ஊசி மாதிரி மெலிசு. ஒரு கொடியை இழுத்துப் பார்த்தால் விரற்கடைக்கு ஒரு கணு. "இதுதான்டே உனக்கு. மிதிபட்டு வளந்தது எங்க வச்சாலும் படியும்" என்றார்.

கரையில் மொத்தமாக உரிக்காதீர்கள், கரையைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்தப் புல்தான். அங்கங்கே கை கையாக எடுத்தால் ஒரு மாதத்தில் மூடிக்கொள்ளும். வரப்பில் களையாகப் பிடுங்கிப் போட்டதில் குட்டையானதைப் பொறுக்கிக்கொள்ளலாம். களைக்கொல்லி அடித்த வரப்பா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் அலசி, வேரில் கறுப்புக் கிழங்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிடியாகப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் அம்மா கீரை ஆய்கிறமாதிரி முறத்தில் கொட்டி ஆய்ந்தார். அந்த ஒரு மணி நேரம் பின்னால் பல மாதங்களைக் காப்பாற்றியது. எடுத்த புல்லை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும்.

கிளை பரப்புகிற ஆசையில் இது பூச்செடிப் பாத்திக்குள்ளும் நுழையும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தோண்டி எடுத்த உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பாத்தி ஓரமாக அரை அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதைத்து வேலி கட்டினேன். குப்பைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

மரநிழலில் அருகு நிற்காது. அதற்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழல் பகுதிக்குக் கேரள வீடுகளில் பார்க்கிற, நர்சரிக்காரர்கள் பஃபலோ கிராஸ் என்று சொல்கிற அகன்ற இலைப் புல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் தண்ணீர் கேட்கும். நான் மரத்தடியை அப்படியே விட்டு, இரண்டு கல் போட்டு உட்கார இடமாக்கிவிட்டேன்.

நடுவது: இரண்டு வழி

முதல் வழி, ஊன்றுவது. மூன்று நான்கு கணு இருக்கிறமாதிரி விரல் நீளத்துக்குத் தண்டுகளை நறுக்குங்கள். அரை அடிக்கு ஒன்றாக, குச்சியால் சாய்வாகத் துளைபோட்டு, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியேயும் இருக்கும்படி வைத்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். 100 சதுர அடிக்கு 400 துண்டு ஆகும். வேர் உள்ள துண்டு என்றால் இன்னும் நல்லது. முதுகுதான் போகும், வேறு செலவு இல்லை.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, மெழுகுவது. பொடியாக நறுக்கிய புல் இரண்டு கூடை, நல்ல மண் ஒரு கூடை, பச்சைச் சாணி கால் கூடை. தண்ணீர் விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, நனைத்து வைத்த தரையில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசவேண்டியதுதான். புல்துண்டு ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருக்கட்டும், அதற்கும் சின்னதாக நறுக்கினால் கணு இல்லாத துண்டுகள் சேர்ந்துவிடும். வாசல் மெழுகிப் பழகிய கை இருந்தால் 100 சதுர அடியை ஒரு காலைப்பொழுதில் முடிக்கலாம். அதன்மேல் மெல்லிசாக மண்ணைத் தூவிவிடுங்கள். இதற்குப் புல் நிறைய வேண்டும், ஆனால் தரை சீக்கிரமாகவும் சீராகவும் மூடும். நான் முன்பக்கம் மெழுகி, பக்கவாட்டில் ஊன்றினேன். முன்பக்கம் சுமார் ஆறு வாரத்தில் மூடியது, ஊன்றிய பக்கத்துக்குப் பத்து வாரம் ஆனது.

நட்டு முடித்ததும் தரையை அழுத்தவேண்டும், தண்டும் மண்ணும் ஒட்டினால்தான் வேர் பிடிக்கும். ரோலர் தேடி அலையவேண்டாம். பலகையைப் போட்டு அதன்மேல் நடந்து, பலகையை நகர்த்தி நகர்த்திப் போனால் போதும். மேலே வைக்கோலை மண் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தூவுங்கள். ஆனி, ஆடியில் கணவாய்க்காற்று அடிக்கிற ஊர் இது, வைக்கோல் பறக்காமல் இருக்க அங்கங்கே தென்னமட்டையைக் குறுக்கே போட்டு வைத்தோம். பச்சை தெரிந்ததும் மட்டையை எடுத்துவிடவேண்டும்.

தண்ணீர்

சாரல் ஏமாற்றும். காலையில் எழுந்து பார்த்தால் தரை நனைந்து பளபளக்கும், சரி இன்று தண்ணீர் வேண்டாம் என்று தோன்றும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். பல நாள் ஓர் அங்குலத்துக்குக் கீழே காய்ந்துதான் இருக்கும், மேலே உள்ளதையும் காற்று பத்து மணிக்குள் உறிஞ்சிவிடும். நான் முதல் பத்து நாளில் இப்படித்தான் ஒரு மூலையை இழந்து மறுபடி ஊன்றினேன்.

முதல் இரண்டு மூன்று வாரம் மேல்மண் காயவே கூடாது. பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாக, காலையும் மாலையும், வெயில் அடித்தால் மதியமும். ஓஸ் பைப்பை நேராகத் திறந்துவிட்டால் நட்டது எல்லாம் ஒரு மூலைக்குப் போகும். துளிர் பிடித்ததும் தலைகீழாக மாற்றவேண்டும்: அடிக்கடி கொஞ்சமாக விடுவதை நிறுத்தி, இடைவெளி விட்டு ஆழமாக. தினமும் தெளித்துப் பழக்கினால் வேர் மேலேயே நிற்கும், பங்குனியில் அதுதான் முதலில் சாகும்.

வளர்ந்த புல்லுக்கு மழை இல்லாத வாரத்தில் ஓர் அங்குலத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர அடிக்கு அது சுமார் 230 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் பதினைந்து பதினாறு குடம். இதை வாரத்தில் இரண்டு தடவையாகப் பிரித்து, அதிகாலையில் விடலாம். எவ்வளவு விழுகிறது என்று அளக்க, தட்டையான டிபன் டப்பாவை நடுவில் வைத்தால் போதும். ராத்திரியில் விட்டால் இலை விடிய விடிய ஈரமாக இருந்து பூஞ்சணம் பிடிக்க இடம் கொடுக்கும். எங்கள் 400 சதுர அடிக்கும் வாரம் 60 குடம் என்று கணக்குப் போட்டதும்தான், பின்பக்கத்தைப் புல்லாக்கும் திட்டத்தைக் கைவிட்டேன். உங்கள் கிணற்றுக்குத் தக்க அளவில் புல்தரை போடுங்கள்.

உரமும் வெட்டும்

நட்ட மூன்று வாரத்துக்கு உரம் வேண்டாம், எருவே போதும். நாலாவது வாரத்தில் 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, ஈரமான தரையில் பூவாளியால் சீராகத் தெளித்து, உடனே நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். காய்ந்த தரையில் கையால் தூவினால் விழுந்த இடமெல்லாம் கருகும். மாதம் ஒரு தடவை இது போதும். இதற்காக மூட்டை வாங்கவேண்டாம், நெல் போடுகிற யாரிடமும் ஒரு டப்பா கேட்டால் கொடுப்பார்கள். யூரியா பிடிக்காதவர்கள் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். ஒரே குறை, இரண்டு நாளைக்கு விருந்தாளி வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

புல் மூன்று அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்ட வெட்டத்தான் அருகு பக்கவாட்டில் ஓடும், வெட்டாமல் விட்டால் மேலேதான் போகும். பெரிய கத்தரி போதும், கூர்மையாக இருக்கவேண்டும். மொண்ணைக் கத்தரி இலை நுனியைக் கிழிக்கும், இரண்டு நாளில் தரையே வெளுத்தமாதிரி தெரியும். பிரஷ் கட்டர்காரரைக் கூப்பிட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். சீக்கிரம் முடிக்கத் தரையோடு வழித்துவிடுவார்கள். வெட்டியது பொடியாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அதுவும் உரம்தான்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருப்பிள்ளைகள் அருகு கேட்டு வருவார்கள். கிள்ளட்டும், இழுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். மூன்று மாதப் புல் இன்னும் ஆழமாக வேர்பிடித்திருக்காது.

அங்கங்கே மட்டும் செத்திருந்தால்

முழுத் தரையையும் கிளறவேண்டாம். செத்த திட்டைச் சுற்றி நாலு விரல் உயிருள்ள புல்லையும் சேர்த்து வெட்டி எடுத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, மண்ணை மாற்றி, உங்கள் தரையிலிருந்தே ஓரத்துக் கொடிகளை எடுத்து ஊன்றுங்கள். வட்டமாகக் கருகி, சுற்றிலும் கரும்பச்சையாக இருந்தால் அது நாய் மூத்திரம். அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீரை விட்டுக் கழுவினாலே பாதி தேறிவிடும். நடந்து நடந்து வழிபோல ஆன இடத்தில் புல் வைத்துச் சண்டை போடுவதைவிட நாலு கல் பதித்துவிடலாம். மண் இறுகி மட்டும் இருந்தால், மிஞ்சிய முறுக்குக்கம்பித் துண்டை அரை அடி ஆழத்துக்குச் சுத்தியலால் இறக்கி இழுத்து, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளையாகப் போட்டு, மேலே சலித்த எருவைத் தூவித் துளைகளுக்குள் பெருக்கிவிடுங்கள்.

செலவு

400 சதுர அடிக்கு எங்களுக்குக் கூலி, இருபத்து நாலு சாக்கு எரு, வேப்பம் புண்ணாக்கு, பிளாஸ்டிக் தாள் எல்லாம் சேர்ந்தும், நர்சரியில் மறுபடி புல் ஒட்டக் கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை. புல்லுக்கு ஆன செலவு, பெரியவருக்கு வாங்கிக் கொடுத்த ஒரு கட்டு வெற்றிலையும் பாக்கும். கூலிக்குக் காசு இல்லை என்றால் ஒரே வருடத்தில் முழுவதையும் செய்யவேண்டாம். வாசலுக்கு நேராக 100 சதுர அடியை மட்டும் ஒழுங்காக முடியுங்கள். அடுத்த ஆனியில் மீதிக்கு வேண்டிய கொடியை அந்த 100 சதுர அடியே கொடுக்கும்.

முதல் கோடை

மாசியிலிருந்து வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள், இரண்டு அங்குலத்துக்குக் கீழே போகவேண்டாம். இலை நிழலில் மண் சூடு குறையும். யூரியாவை நிறுத்திவிடுங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் எல்லாவற்றையும் பச்சையாக வைத்திருக்க முயலவேண்டாம். பத்து நாளைக்கு ஒரு தடவை 100 சதுர அடிக்கு எட்டுக் குடம், அதிகாலையில், நின்று ஊறும்படி. பச்சை நிறத்துக்கு இது போதாது, அடித்தண்டு உயிரோடு இருக்கப் போதும். புல் பழுக்கும், நடந்தால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும். அந்த நாட்களில் வண்டி ஏற்றாதீர்கள், கட்டில் போட்டு உட்காராதீர்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சித்திரையில் பத்து இடத்தில் சுரண்டியதில் எட்டு இடம் வெளிர்பச்சை. மற்ற இரண்டும் பழைய ஆர்.ஓ. குழாய் விழுந்த மூலை. அங்கே மண்ணை இன்னும் ஒரு தடவை மாற்றவேண்டும்.